அடுத்தவர் கைபேசியில் இருக்கும் நீங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒருவரோடு எல்லாத் தொடர்பையும் முறித்துக்கொண்டீர்கள். ஆறு மாதம் சமூக வலைத்தளங்களின் பக்கமே போகவில்லை. பிறகு புதிய மின்னஞ்சலில் புதிய கணக்கு தொடங்கினீர்கள். படம் போடவில்லை, ஊர், பள்ளி, வேலை எதையும் நிரப்பவில்லை. தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டீர்கள். கணக்கை உறுதிசெய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியதால் கைபேசி எண்ணை மட்டும் கொடுத்தீர்கள். இரண்டாம் நாள் காலையில் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அதே மனிதரின் முகம் திரையில் வந்து நின்றது. மாலையில் அவரிடமிருந்து செய்தியும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் 'நண்பர்கள் மட்டும்' என்று வைத்தும் எங்கே தவறினேன், இனி இங்கே இருப்பதா வெளியேறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எங்கும் தவறவில்லை. பதினைந்து ஆண்டுகளாக இணையத் தரவுகளோடு வேலை செய்து வருகிறேன். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன்; எனக்கும் இதேதான் நேர்ந்திருக்கும். உங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் நீங்கள் ஒழுங்காகச் சாத்தினீர்கள். திறந்திருந்த ஜன்னல் வேறொருவர் வீட்டில் இருந்தது.

பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதுதான். நீங்கள் அவர் எண்ணை அழித்துவிட்டீர்கள்; அவர் உங்கள் எண்ணை அழிக்கவில்லை. எப்போதோ ஒரு நாள் அந்தச் செயலியை நிறுவியபோது 'உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா' என்று அது கேட்டிருக்கும். அவர் படிக்காமலேயே 'சரி' என்பதைத் தொட்டிருப்பார். அந்த ஒரு தொடுதலில் அவர் கைபேசியில் இருந்த பெயர்களும் எண்களும் மொத்தமாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும். உங்களை என்ன பெயரில் சேமித்து வைத்திருந்தாரோ அந்தப் பெயரோடு உங்கள் எண்ணும் போகும். பழைய மின்னஞ்சலும் அதோடு இருந்தால் அதுவும் போகும். அப்போது உங்களுக்கு அந்தத் தளத்தில் கணக்கே இல்லை என்பது ஒரு பொருட்டல்ல. ஆள் வந்து கேட்காத பார்சலைப் போல உங்கள் எண் அங்கே கிடந்தது. ஆறு மாதம் கழித்து நீங்களே போய் 'இது என் எண்தான்' என்று உறுதிசெய்தீர்கள். பார்சலுக்கு உரியவர் கிடைத்துவிட்டார்.

அவர் எதையும் பதிவேற்றாதவர் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் கைபேசிகளில் உங்கள் எண்ணும் இருக்கும், அவர் எண்ணும் இருக்கும். அவர்களில் இருவர் பதிவேற்றினாலே போதும். ஒரே ஆளுக்குத் தெரிந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது சமூகவியலில் பழைய பாடம். பரிந்துரை நிரல் அந்தப் பாடத்தைக் கோடிக்கணக்கான பட்டியல்களில் ஓட்டிப் பார்க்கிறது. இரண்டு எண்களுக்கு இடையே ஒரு கோடு இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தக் கோடு நட்பா, கடன் பாக்கியா, முறிந்த மணவாழ்க்கையா, பயமா என்பது தெரியாது. 2016-ல் ஒரு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்தவர்களை ஃபேஸ்புக் ஒருவருக்கு ஒருவர் பரிந்துரைத்த செய்தி வெளியானது. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது அந்த மருத்துவரிடம் போய் வந்தது ஒன்றுதான். சிகிச்சை அறையின் கதவை அத்தனை கவனமாகச் சாத்தியவர்களை, வெளியே ஒரு நிரல் வரிசையாக நிற்கவைத்துவிட்டது.

இதற்கு நெடிய வரலாறு உண்டு. 2013 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஒரு கோளாறு வெளியே வந்தது. தங்கள் தரவுகளைப் பதிவிறக்கிய சிலருக்கு, நண்பர்கள் அந்தத் தளத்துக்குக் கொடுத்தே இராத எண்களும் மின்னஞ்சல்களும் அந்தக் கோப்பில் கிடைத்தன. சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் அப்படிக் கசிந்தன. பிறர் பதிவேற்றிய பட்டியல்களிலிருந்து திரட்டி ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொரு கோப்பு வைத்திருக்கிறார்கள் என்று பலர் தெரிந்துகொண்டது அப்போதுதான். அந்தக் கோப்பைத்தான் 'நிழல் கணக்கு' என்கிறார்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்தச் சொல் தனக்குப் பழக்கமில்லை என்றார் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க். கணக்கு வைத்திராதவர்களின் தரவுகளையும் பாதுகாப்புக்காகச் சேகரிப்பதை அதே அமர்வில் ஒப்புக்கொண்டார். அந்த விசாரணைக்கே காரணமான, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் தரவு போன விவகாரத்தின் கணக்கைப் பாருங்கள். ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களின் நண்பர்களையும் சேர்த்துத் தரவு போனதாக ஃபேஸ்புக் சொன்னது 8.7 கோடி பேர் வரை. ஒருவர் தலையாட்டியதற்கு முந்நூறு பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். அந்த முந்நூறு பேரிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

நீங்கள் கொடுத்த அந்தக் கைபேசி எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகுந்த கோபம் வருகிற இடம் இது. 'உங்கள் கணக்கின் பாதுகாப்புக்காக' என்றுதான் எண்ணைக் கேட்கிறார்கள். பயந்த ஆள் உடனே கொடுத்துவிடுவார். பாதுகாப்பு தேவைப்படுகிறவர்தான் முதலில் கொடுப்பார். 2019-ல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தபோது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று, பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்களை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது. 2022 மே மாதத்தில் அதே குற்றத்துக்காக ட்விட்டர் 15 கோடி டாலர் கட்டியது. 2013 முதல் 2019 வரை 14 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அப்படி நம்பி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்திருந்தார்கள். பூட்டு வாங்கப் போனவரிடம் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு அதை விற்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குக் கடுமையான ஒரு நோய் இருப்பது தெரியவந்தது. யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்று அம்மா மனத்தில் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தன் தங்கையிடம், அதுவும் நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு முன் அடுத்த கட்டப் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருந்தார். இதற்கிடையில் நான் ஒரு தளத்தில், அந்த நோய் வந்தவர்களின் குடும்பத்தினருக்கான மூடிய குழு ஒன்றில் சேர்ந்தேன். உள்ளே எழுதுவதை வெளியார் படிக்க முடியாது என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தது. அது உண்மைதான். உறுப்பினர்கள் யார் யார் என்பதை மறைப்பதாக அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. என் சித்தியின் மகளுக்கு, நான் அந்தக் குழுவில் இருப்பதாகவும் அவளும் சேரலாம் என்றும் தளம் பரிந்துரை அனுப்பியது. குழுவின் பெயரிலேயே நோயின் பெயர் இருந்தது.

அன்று இரவு சித்தி அம்மாவை அழைத்து அழுதார். பேசி முடித்துவிட்டு அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ யாரிடமாவது சொன்னாயா?" இல்லை என்றேன். அது உண்மை. அவர் அதை நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம் என்று இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். என் அம்மா எதையும் மறைக்கவில்லை. தங்கையிடம் சொல்லப்போகிற செய்திதான் அது. சொல்கிற நாளையும் இடத்தையும் முதல் வார்த்தையையும் அவர் தேர்ந்தெடுக்க இருந்தார். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அந்தத் தளத்துக்கு நான் எழுதிய முறையீட்டுக்கு வந்த பதில், செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்க்கச் சொல்லும் ஒரு இணைப்பு மட்டும்.

அந்த செட்டிங்ஸ் பக்கத்துக்கு வருகிறேன். 'நண்பர்கள் மட்டும்', 'நான் மட்டும்' என்பவை எல்லாம் உங்களைப் பிற பயனர்கள் எவ்வளவு பார்க்கலாம் என்பதற்கான தடுப்புகள். நிறுவனம் எவ்வளவு பார்க்கலாம் என்பதை அவை தொடுவதே இல்லை. வாடகை வீட்டில் உள்ளறைக்கு நீங்கள் போட்ட பூட்டு அக்கம்பக்கத்தாருக்குத்தான். வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. 'நான் மட்டும்' என்று வைத்த படத்தை ஏற்றும்போதும், அது எடுக்கப்பட்ட இடமும் நேரமும் படக்கோப்புக்குள் பதிந்திருந்தால் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தத் தளத்துக்கு வெளியே நீங்கள் செய்வதும் போகிறது. பல கடைகளின், செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு நிரல் துண்டு ஒன்று இருக்கும். நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதை வாங்கினீர்கள் என்று அது தகவல் அனுப்புகிறது. 2007 நவம்பரில் ஃபேஸ்புக் 'பீக்கன்' என்ற பெயரில் இதை வெளிப்படையாகவே செய்தது. மனைவிக்குத் தெரியாமல் மோதிரம் வாங்கிய ஒருவரின் கொள்முதல், மனைவி உட்பட எல்லா நண்பர்களின் பக்கத்திலும் விளம்பரமாக வந்து நின்றது. வழக்கு நடந்தது, 95 லட்சம் டாலரில் முடிந்தது, 2009-ல் திட்டத்தை மூடினார்கள். வாங்கியதை நண்பர்களுக்கு அறிவிப்பது நின்றது. நிறுவனத்துக்குத் தெரிவிப்பது பெருகியது.

கடைகள் இன்னொரு வழியிலும் நிறுவனத்துக்கு உதவுகின்றன. ரசீதுக்காக நீங்கள் கொடுத்த எண்ணைத் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலோடு சேர்த்துத் தளத்தில் ஏற்றுவார்கள். எண்ணை அப்படியே அனுப்பாமல் புரியாத குறியீடாக மாற்றித்தான் அனுப்புகிறோம் என்பார்கள். இது பெரிய ஆறுதல் இல்லை. உங்கள் எண்ணை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனம் அதையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது.

கைபேசி நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2018-ல் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் அதிகமான ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். மைக்கை ரகசியமாகத் திறந்து பேச்சை அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து அனுப்பியதைத்தான் கண்டார்கள். நாம் பேசிய பொருள் விளம்பரமாக வருவதற்கு ஒட்டுக்கேட்பு தேவையில்லை. நம்மோடு பேசியவர் அதை வீட்டுக்குப் போய்த் தேடியிருப்பார். நாம் இருவரும் ஒரே இடத்தில் இருந்தது தெரியும். மீதியை ஊகிப்பது எளிது. இங்கேயும் நம்மைக் காட்டிக்கொடுப்பது பக்கத்தில் இருப்பவரின் கைபேசிதான்.

இனி செய்ய வேண்டியவை. கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அந்த மனிதர் அனுப்பிய செய்தியைத் தேதி, நேரம், அவர் கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து, அந்தத் தளத்துக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். செய்தியில் மிரட்டல் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். காவல்துறைக்குப் போக நேர்ந்தால் அது தேவைப்படும். அதன் பிறகு அவரைத் தடைசெய்யுங்கள். அந்த நபர் இனித் தொடங்கும் புதிய கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் வாய்ப்பு இன்ஸ்டாகிராமில் இருக்கிறது.

அடுத்து, 'என் எண்ணை வைத்து யார் என்னைத் தேடலாம்' என்ற செட்டிங்கைக் கண்டுபிடியுங்கள். உள்ளே மூன்று நான்கு அடுக்குத் தள்ளி இருக்கும். அதில் மிகக் குறுகிய வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். இந்த வசதியால் நேர்ந்த கேடு சிறியதல்ல: தொடர்புகளை இறக்குமதி செய்யும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தி எடுத்த 53.3 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் எண்கள் 2021 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாகக் கிடந்தன. அடுத்த ஆண்டு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்காக 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. சில தளங்களில் 'என் கணக்கைப் பிறருக்குப் பரிந்துரைக்கலாம்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு, எண்ணுக்குப் பதிலாக, அந்தக் குறியீட்டைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள், பிறகு எண்ணை நீக்கப் பாருங்கள். எண்ணையே மாற்றிவிடலாமா என்று நினைத்தால், ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்களுக்குக் கிடைக்கும் எண் முன்பு வேறொருவருடையதாக இருந்திருக்கலாம். அவருடைய பழைய உலகம் உங்கள் திரையில் வந்து நிற்கும்.

உங்கள் நிலைக்கு மிகவும் பயன்படக்கூடியது பலருக்கும் தெரியாத ஒரு வசதி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம், பிறர் பதிவேற்றிய பட்டியல்களில் உங்கள் எண்ணோ மின்னஞ்சலோ இருக்கிறதா என்று பார்த்து நீக்கவும், மறுபடி ஏறாமல் தடுக்கவும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அவர்கள் அதை அறிவித்துச் சொல்லவில்லை. உதவிப் பக்கம் ஒன்றின் ஆழத்தில் கிடந்ததை 2022-ல் செய்தியாளர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கணக்கு இல்லாதவர்களும் பயன்படுத்தலாம். உங்கள் கணக்கு எந்தத் தளத்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. இவ்விரண்டில் ஒன்றாக இருந்தால் இதை இன்றே செய்யுங்கள்.

இருப்பதா, போவதா என்ற கேள்விக்கு என் கருத்தைக் கேட்டால், இந்தக் கணக்கிலிருந்து போய்விடுங்கள். அவருக்கு இதன் இருப்பிடம் தெரிந்துவிட்டது. இனி என்ன செட்டிங்ஸ் மாற்றினாலும் உங்களுக்கு இங்கே நிம்மதி இராது. 'முடக்கு' என்பது வேறு, 'நிரந்தரமாக நீக்கு' என்பது வேறு. முதலாவதைக் கண்ணெதிரே வைத்து இரண்டாவதை ஒளித்து வைப்பார்கள். இரண்டாவதைத் தேடி எடுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கோரிக்கை கொடுத்த பிறகு 30 நாள் அவகாசம் ஓடும். இடையில் ஒரு முறை உள்ளே நுழைந்தால் ஃபேஸ்புக்கில் கோரிக்கை ரத்தாகிவிடக்கூடும். சர்வர்களிலிருந்து முழுமையாக அழிய 90 நாள்வரை ஆகலாம் என்கிறார்கள். நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கைக் கொண்டு வேறு செயலிகளில் நுழைந்து வந்திருந்தால், அவற்றின் நுழைவு முறையை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பொது நண்பர்களின் கைபேசிகள் மிச்சம் இருக்கின்றன. அவர்களில் உங்களுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரிடம் நேரடியாகக் கேளுங்கள். செயலிக்குக் கொடுத்த தொடர்பு அனுமதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது மட்டும் போதாது. ஏற்கெனவே ஏறிய பட்டியல் சர்வரில் இருக்கும், அதைத் தனியாக நீக்க வேண்டும். காரணத்தை விளக்கத் தயங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு, தாங்கள் அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கிறோம் என்பதே தெரியாது.

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. சித்தி அழைத்த அந்த வாரத்தில்தான், நான் பதிவேற்றியிருந்த பட்டியலை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். இருந்த ஒவ்வொரு பெயரையும் படித்தேன். கடைசியாகச் சேர்ந்திருந்த எண்களில் ஒன்று அம்மாவின் மருத்துவருடையது. அவர் பெயருக்குப் பக்கத்தில், மறந்துவிடக் கூடாது என்று நான் தட்டச்சு செய்து வைத்திருந்த நோயின் பெயரும் இருந்தது.